10 லிட்டர் பெட்ரோல் ஒரே நாள்ல ஏன் தீருது? ஜெனரேட்டர் சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி வேதாரண்யம் பக்கத்துல இருந்து வந்திருக்கு. வாசிச்சுடறேன். "புயல் வந்தா எங்க ஊர்ல நாலஞ்சு நாள் கரண்ட் இருக்காது. வீட்ல 2.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கு, 150 ஏஹெச் பேட்டரியோட இன்வெர்ட்டரும் இருக்கு. போன தடவை சாயங்காலம் 6 மணிக்குப் போட்டு மறுநாள் காலையில 10 மணி வரைக்கும் ஓட்டினேன். 10 லிட்டர் பெட்ரோல் காலி. ஓடினது ரெண்டு ஃபேனும் நாலு லைட்டும்தான். ஜெனரேட்டர்ல கோளாறா? எவ்வளவு பெட்ரோல் வாங்கி வைக்கணும்? அப்புறம், ரெண்டு பக்கமும் பிளக் வெச்ச வயரை சுவத்து பிளக் பாயிண்ட்ல சொருகினா வீடு முழுக்க கரண்ட் வரும்ங்கறாங்க, செய்யலாமா?"

கடைசியில கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். செய்யவே கூடாதுங்க. அந்த வயரோட ஒரு முனை ஜெனரேட்டர்ல இருக்கும்போது இன்னொரு முனையில இருக்கற பின் வெறுமனே 230 வோல்ட்டோட நிக்கும், கை பட்டா அவ்வளவுதான். அதை விடப் பெரிய ஆபத்து வெளியில இருக்கு. தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைச்சு நமக்குக் குடுக்குது. நீங்க இந்தப் பக்கம் இருந்து 230 அனுப்பினா, அதே டிரான்ஸ்பார்மர் அதைத் திருப்பி ஏத்தி மேல் லைனுக்கு அனுப்பும். மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் சொருகுவேன்னு சொல்வாங்க. இருட்டுல, மழையில, ஒரு தடவை மறந்தா போதும். பக்கத்து வீட்டு லோடெல்லாம் இழுத்து ஜெனரேட்டர் தானா நின்னுடும்னும் நம்பாதீங்க. கம்பி அறுந்து கிடக்கற லைன்ல இழுக்கறதுக்கு லோடே இருக்காது. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்போ வெளி மாவட்டத்து லைன்மேன்கள் எல்லாம் உங்க பக்கம் வந்து கம்பத்துல ஏறி வேலை பார்த்தாங்க. லைன் செத்துக் கிடக்குன்னு நினைச்சு ஏறுறவர் உயிர் உங்க வீட்டு வயர்ல இருக்கு.

இதுக்கு டூ போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்க. ஒரு பக்கம் ஈபி, நடுவுல ஆஃப், இன்னொரு பக்கம் ஜெனரேட்டர். ஃபேஸ், நியூட்ரல் ரெண்டும் சேர்ந்து மாறணும், ஃபேஸை மட்டும் மாத்தறது போதாது. அந்த சுவிட்சோட ஆம்ப்ஸ், வீட்டு மெயின் எம்சிபி, அதாவது லோடு ஏறினா தானா விழற மெயின் சுவிட்ச், எவ்வளவோ அதுக்குக் குறையக் கூடாது. த்ரீ ஃபேஸ் வீடுன்னா அது ஃபோர் போல் விஷயம், எலக்ட்ரீஷியனை நேர்ல பார்க்கச் சொல்லுங்க. புயல் அறிவிச்ச அன்னைக்கு ஆள் கிடைக்க மாட்டாங்க, மழைக்காலத்துக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

இப்போ பெட்ரோலுக்கு வரேன். உங்க ஜெனரேட்டர்ல கோளாறு இல்லை. 16 மணி நேரம் ஓட்டியிருக்கீங்க, 10 லிட்டர் ஆகியிருக்கு. மணிக்கு 600 மில்லி சொச்சம். அந்த சைஸ் மெஷினுக்கு அது சரியான கணக்குதான். நமக்கு வேணும்ங்கற 50 ஹெர்ட்ஸ் வரணும்னா இஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தியே ஆகணும். ஒரு லைட் எரிஞ்சாலும் அதே 3000, மோட்டார் ஓடினாலும் அதே 3000. அதனால லோடே இல்லாம ஓடினாக்கூட மணிக்கு அரை லிட்டர் கிட்ட குடிக்கும். பாதி லோடுல முக்கால் லிட்டர்ல இருந்து ஒரு லிட்டருக்குள்ள, முழு லோடுல ஒண்ணேகால் லிட்டர் வரைக்கும் போகும். ரெண்டு ஃபேனுக்காக ராத்திரி பூரா ஓட்டினா, பெட்ரோல் பெரும்பாலும் இஞ்சின் சும்மா சுத்தறதுக்கே போகுது. உங்க மெஷினோட கணக்கைத் தெரிஞ்சுக்கணும்னா டேங்க்கை ஒரு அடையாளம் வரைக்கும் ஊத்தி, ஒரு மணி நேரம் ஓட்டி, ஆறினப்புறம் அளந்து ஊத்திப் பாருங்க.

ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டுங்க, அந்த நேரத்துல எல்லா வேலையையும் அதுமேல போடுங்க. காலையில 2 மணி நேரம், மதியம் 1, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி 2. மொத்தம் 5 மணி நேரம், மணிக்கு 800 மில்லின்னு வெச்சா ஒரு நாளைக்கு 4 லிட்டர். அஞ்சு நாளைக்கு 20 லிட்டர். அந்த நேரத்துல ஃபிரிட்ஜ் ஓடணும், இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறணும், போன் ஏறணும், மிக்சி வேலை இருந்தா முடிக்கணும். ஃபிரிட்ஜை மூடியே வெச்சா 4 மணி நேரம் தாங்கும். புயலுக்கு முந்தின நாளே ஃப்ரீசர்ல தண்ணி பாட்டிலை அடுக்கிக் கட்டியாக்கி வெச்சா இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

தண்ணி மோட்டார்னா அதை முதல்ல போடுங்க, மத்ததெல்லாம் ஆஃப்ல இருக்கட்டும். அரை ஹெச்பி மோட்டாரை 2.5 கேவிஏ இழுக்கும். ஒரு ஹெச்பி போர் மோட்டார் கிளம்பும்போது ஓடற ஆம்ப்ஸை விட அஞ்சாறு மடங்கு கேக்கும், இந்த மெஷின் திணறும். ரெண்டு மூணு செகண்டுல எடுக்கலைன்னா ஆஃப் பண்ணிடுங்க, இல்லைன்னா காயில் போயிடும். புயலுக்கு முன்னாடியே மேல் தொட்டியை நிரப்பிடறது நல்லது.

ராத்திரி ஃபேன் இன்வெர்ட்டர்ல ஓடட்டும். ஆனா ஒரு கணக்கு இருக்கு. உங்க இன்வெர்ட்டர் 15 ஆம்ப்ஸ்ல சார்ஜ் ஏத்துதுன்னா 5 மணி நேரத்துல 75 ஏஹெச் (ஆம்ப்ஸை மணி நேரத்தால பெருக்கின கணக்கு), அதாவது உங்க 150 ஏஹெச் பேட்டரியில பாதிதான். அதுல பழைய ஃபேன் ரெண்டு ஓட்டினா நாலு மணி நேரத்துக்கு மேல வராது. கரண்ட் கம்மியா இழுக்கற புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ் கிட்டதான் இழுக்கும், அப்படி ரெண்டு இருந்தா ராத்திரியைத் தாண்டிடலாம். இல்லைன்னா எல்லாரும் ஒரே ரூம்ல படுங்க.

எவ்வளவு வாங்கி வைக்கலாம்னா, 1934 பெட்ரோலியம் சட்டப்படி விக்கறதுக்கு இல்லாம லைசென்ஸ் இல்லாத ஆள் மொத்தம் 30 லிட்டர் பெட்ரோல் வரைக்கும் வெச்சுக்கலாம். உலோகப் பாத்திரம், இறுக்கமான மூடி, ஒவ்வொண்ணும் 25 லிட்டருக்கு மேல போகக் கூடாது. தண்ணி கேன், கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம். விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, வெயில்ல விரியும். சமையல்கட்டு, பூஜை ரூம் விளக்கு, இன்வெர்ட்டர் பேட்டரி, இதுக்கெல்லாம் எட்ட வைங்க. இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். உங்களுக்குக் கடலோரம் வேற. அதனால ரெண்டு மாசத்துக்கு மேல வெக்காம பைக்குல ஊத்தித் தீர்த்துட்டு புதுசா வாங்குங்க. மழைக்காலம் முடிஞ்சதும் ஜெனரேட்டர் டேங்க்கையும் காலி பண்ணி, டேங்க்ல இருந்து பெட்ரோல் வர்ற வால்வை மூடி, தானா நிக்கற வரைக்கும் ஓடவிடுங்க. கார்புரேட்டர்ல பெட்ரோல் தங்கிப் பிசினாகி, ஜெட்டுங்கற சின்ன துவாரத்தை அடைக்கறதாலதான் நிறைய மெஷின் அடுத்த புயலுக்கு ஸ்டார்ட் ஆகாம நிக்குது.

ஓடிக்கிட்டிருக்கும்போது பெட்ரோல் ஊத்தாதீங்க. லோடை எல்லாம் ஆஃப் பண்ணி, ரெண்டு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டு, நிறுத்தி, 15 நிமிஷம் ஆறட்டும். சூடான சைலன்சர்ல ஒரு சொட்டு பட்டாலும் பத்திக்கும். ஊத்தும்போது மெழுகுவத்தியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்காதீங்க, டார்ச் போதும். அந்த நேரத்துலயே டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் பாருங்க. இந்த சைஸுக்கு 600 மில்லி கிட்ட பிடிக்கும். ஒரு லிட்டர் ஆயில் கையிருப்புல இருக்கட்டும். நல்லா ஓடின மெஷின் திடீர்னு நின்னு மறுபடி ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல ஆயிலைத்தான் பார்க்கணும். ஆயில் குறைஞ்சாலோ, மெஷின் சாஞ்சு நின்னாலோ உள்ள இருக்கற ஆயில் சென்சார் இஞ்சினை நிறுத்திடும்.

மழை பெய்யுதுன்னு வராண்டாவுலயோ மாடிப்படிக்குக் கீழயோ கொண்டுவந்து வெச்சு ஓட்டாதீங்க. புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்கறவங்களை எழுப்பாமலே கொல்லும். வீட்டுல இருந்து 20 அடி தள்ளி, சைலன்சர் வாய் ஜன்னல் பக்கம் இல்லாம, மேல மட்டும் தகரம் போட்டு நாலு பக்கமும் திறந்த இடமா இருக்கட்டும். அந்த தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் இழுங்க, சுருட்டி வெக்காம முழுசா விரிச்சுடுங்க, சுருள்ல சூடு ஏறும். ஜெனரேட்டர் ஓடற நேரத்துல வீட்ல யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தின்னா உடனே எல்லாரையும் வெளிக்காத்துக்குக் கூட்டிட்டு வந்துடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இன்னொண்ணு, ஜெனரேட்டர் ஓடியும் இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறலைன்னா, பின்னாடி இருக்கற சுவிட்ச் யூபிஎஸ் மோடுல இருக்கும். அதுல வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இன்வெர்ட்டர் ஏத்துக்காது. எக்கோ மோடுக்கு மாத்துங்க, ஏற ஆரம்பிச்சுடும்.