வெந்த மீனும் உடம்பைக் கெடுக்குமா? ஓட்டல் சமையற்கட்டு ஆய்வில் பார்க்க வேண்டியது எது?

[தொடக்கக் காட்சி: மீன் பெட்டியின் அடியில் தேங்கி நிற்கும் பனிக்கட்டித் தண்ணீர்]

மீன் நாறவில்லை. குழம்பின் சுவையிலும் குறை இல்லை. துண்டு முள்ளிலிருந்து தானாகக் கழன்று வரும் அளவுக்கு நன்றாகவே வெந்திருந்தது. ஆனால் சாப்பிட்டு எழுந்த அரை மணி நேரத்திற்குள் என் முகமும் கழுத்தும் சிவந்து, காது மடல்கள் எரிந்து, தலை விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்கு முன், நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒரு கடற்கரை ஊரில், மதியச் சாப்பாட்டுடன் சூரைமீன் குழம்பு சாப்பிட்ட அன்று நடந்தது இது. மீன் எனக்கு ஒவ்வாது என்றே நம்பி, ஓராண்டு மீனைத் தொடாமல் இருந்தேன். மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான், படகுக்கும் அடுப்புக்கும் இடையே அந்த மீன் எப்படிக் கிடந்தது என்று கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்தது.

வணக்கம். ஓட்டல் சமையற்கட்டுக்குள் நுழையும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய காணொளி. மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் நீங்கள் இருந்தால், தயவுசெய்து இதை முழுவதும் பாருங்கள்.

சட்டத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் உருவான விதிமுறைகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளன. 14 இலக்க எண் கொண்ட உரிமம் அல்லது பதிவுச் சான்று வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். உணவைக் கையாளும் பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். குறை கண்டால் அதைச் சரிசெய்ய குறைந்தது 14 நாள் அவகாசம் தந்து மேம்பாட்டு அறிவிப்பு கொடுப்பார்கள். அப்படியும் திருந்தாத கடையின் உரிமம் முதலில் நிறுத்திவைக்கப்படும், பிறகு ரத்தாகும்.

[காட்சி: கொதிக்கும் குழம்பில் வெப்பமானியின் ஊசி]

தரை பளபளப்பாக இருக்கிறதா, தலையில் தொப்பி இருக்கிறதா என்பவை தேவையான கேள்விகளே. ஆனால் ஆய்வின் உயிர்நாடி இரண்டு எண்களில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து: 5 டிகிரி செல்சியஸ், 60 டிகிரி செல்சியஸ். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆகவே சூடாகப் பரிமாறும் உணவு 60-க்குக் கீழே இறங்கக்கூடாது. குளிரில் வைப்பது 5-க்கு மேலே ஏறக்கூடாது. சில நூறு ரூபாய் வெப்பமானியின் ஊசியைக் குழம்புச் சட்டியின் நடுவில் இறக்கினால், எண் ஏறி நிற்க அரை நிமிடம் கூட ஆகாது. எடுத்த உணவு மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிட்டு, அதில் ஒன்றைப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் அறிக்கை வர 14 நாள் வரை ஆகலாம். அதுவும் தேவைதான், ஆனால் இன்று மதியம் சாப்பிடப் போகிறவரைக் காப்பாற்றுவது அந்த ஊசிதான்.

இனி மீனுக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்து ஓட்டல்களின் பெருமையே மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும்தான்.

சூரை, அயிலை, சாளை, நெய்மீன் போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயல்பாகவே மிகுதியாக இருக்கிறது. மீன் செத்த பிறகு, குளிரூட்டாமல் வைத்தால், சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒவ்வாமை வரும்போது நம் உடலே சுரக்கும் அதே ஹிஸ்டமின்தான் இது. அதனால்தான் நோயாளியும் இதை ஒவ்வாமை என்று எண்ணி ஏமாறுகிறார். உருவான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் அழியாது, பொரித்தாலும் அழியாது, பிறகு உறைய வைத்தாலும் அழியாது. குடம்புளியும் மிளகாயும் போட்டு எவ்வளவு நேரம் வற்றவைத்தாலும் அது குழம்பிலேயே இருக்கும். என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி இன்னொன்று உண்டு: ஒரே மீனின் உடலில் கூட அது சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்ட இருவரில் ஒருவருக்கு முகம் சிவக்கலாம், மற்றவருக்கு எதுவுமே ஆகாமல் போகலாம். "உனக்கு மட்டும் எப்படி?" என்று என்னுடன் சாப்பிட்ட அண்ணன் கேட்டதற்கான விடை எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

ஆக, இதற்கு மருந்து அடுப்பில் இல்லை, பனிக்கட்டியில் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பனிக்கட்டி வேண்டும். இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலைக் கவனியுங்கள். கிழக்குக் கடலைச் சேர்ந்த சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடலைச் சேர்ந்த குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் மாதத்தின் முதல் 14 நாள்களில் இரு பக்கமும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அந்த நாள்களில் தட்டுக்கு வரும் மீனில் பெரும்பகுதி, சிறு வள்ளங்கள் கொண்டுவருவது போக, வெளியூரிலிருந்து வண்டியில் வருவதாகவோ, முன்பே குளிரில் வைத்ததாகவோதான் இருக்க முடியும். அப்போது அலுவலர் கொள்முதல் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்து, பெட்டியின் அடிவரை கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. மேலே ஒரு பிடி பனிக்கட்டி தூவி, அடியில் வெதுவெதுப்பான சிவந்த தண்ணீர் தேங்கிய பெட்டியை நானே பார்த்திருக்கிறேன்.

காலையில் வடித்த சோற்றை மாலை வரை அப்படியே வைத்திருந்து வறுத்துத் தருவதிலும் இதே ஆபத்து உண்டு. அதில் உருவாகும் நச்சும் மறுபடி சூடாக்கினால் போகாது. பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெய் சிதைந்து உருவாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கொட்டிவிட வேண்டும்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்த பிறகு ஊரூராகச் சோதனை நடந்தது. 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை விதித்தது. அந்தச் சோதனையையும் இந்தத் தடையையும் வரவேற்கிறேன். ஆனாலும், ஓர் உயிர் போன பிறகு வரும் பரபரப்பு ஆய்வைவிட, எந்தச் செய்தியும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு, கூட்டம் நெரியும் நேரத்தில் நடக்கும் ஆய்வையே நான் விரும்புகிறேன். ஐயப்ப பக்தர்களால் கன்னியாகுமரி நிரம்பி வழியும் கார்த்திகை, மார்கழியில் இது இன்னும் அவசியம்.

உங்களுக்கு ஓட்டல் உணவால் உடம்பு கெட்டால், ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். சாப்பிட்ட நேரத்தையும் தொந்தரவு தொடங்கிய நேரத்தையும் எழுதி வையுங்கள். மிச்ச உணவு இருந்தால் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மருத்துவரிடம் என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதைப் பெயரோடு சொல்லுங்கள். அந்த ரசீதோடு, கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க எண்ணையும் சேர்த்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள்.

உங்கள் ஊர்ச் சந்தையில் மீன்காரம்மாவுக்குப் பனிக்கட்டி எங்கிருந்து, எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். அதிகம் பேர் எழுதும் ஊருக்கு, அடுத்த வாரம் வெப்பமானியோடு நாங்கள் வருகிறோம்.