பாடும் முகமும் பாடும் குரலும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கடலடியில் வாழும் ஒரு பெண் தன் குரலைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இரண்டு கால்களை வாங்கிக்கொள்கிறாள். டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட இந்தக் கடற்கன்னிக் கதையை டிஸ்னி நிறுவனம் 1989இல் சித்திரப்படமாகவும், 2023இல் நடிகர்களை நேரில் நடிக்கவைத்து எடுக்கும் 'லைவ் ஆக்‌ஷன்' படமாகவும் தந்தது. கதை முழுவதும் ஒரு குரலைச் சுற்றியே நடக்கிறது. சூனியக்காரி விலை பேசுவது அந்தக் குரலுக்குத்தான். இளவரசன் கரையில் கண்விழித்து நாள்கணக்கில் தேடுவதும் அந்தக் குரலைத்தான். ஆகவே நாயகி முதல் முறை வாய் திறந்து பாடும்போது, இந்தக் குரலை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது கேட்பவர் நெஞ்சில் பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால், அதற்குப் பின்வரும் துயரம் எதுவும் நம்மைத் தொடாது.

பழைய சித்திரப்படங்களை மறுபடி எடுக்கும்போது நாயகன், நாயகி வேடங்களுக்குப் பாடத் தெரிந்தவர்களையே தேர்ந்தெடுக்க வேண்டுமா, அல்லது புகழ்பெற்ற நடிகர் ஒருவரை நிறுத்திவிட்டுப் பாட்டை எப்படியாவது சரிசெய்துகொள்ளலாமா என்ற கேள்வியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாட்டு கற்பித்து வருபவள் என்ற முறையில், இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு.

1989ஆம் ஆண்டுப் படத்தில் கடற்கன்னி ஏரியலுக்குப் பேச்சும் பாட்டும் தந்தவர் ஜோடி பென்சன் என்ற நாடகமேடைப் பாடகி. பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மனும் இசையமைப்பாளர் ஆலன் மென்கனும் நியூயார்க் நாடகமேடையிலிருந்து வந்தவர்கள். அந்த மேடையில் நாயகியின் ஆசை என்ன என்பதை, கதை தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு பாட்டு சொல்லிவிட வேண்டும் என்பது வழக்கம். தரைமேல் வாழும் மனிதர்களைப் பற்றி ஏரியல் ஏக்கத்தோடு பாடும் அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவுக்கூடத்தின் விளக்குகளைத் தணித்து, கடலுக்கடியில் தனித்திருப்பதுபோன்ற ஒரு சூழலில் பென்சன் பாடினார். ஆஷ்மன் பக்கத்திலேயே நின்று, குரலை உயர்த்தாமல் உணர்ச்சியை மட்டும் கூட்டும்படி அடிக்கு அடி சொல்லிக்கொடுத்தார். முன்னோட்டக் காட்சியில் அந்த இடத்தில் குழந்தைகள் நெளிந்தார்கள் என்பதற்காக, தயாரிப்புத் தலைமையில் இருந்தவர்கள் பாட்டையே வெட்டிவிடப் பார்த்தார்கள் என்பதும் படத்தின் வரலாற்றில் உண்டு. நல்லவேளையாக அது வெட்டப்படவில்லை. இன்று அந்தப் படத்தை நினைப்பவர்கள் முதலில் நினைப்பதே அந்தப் பாட்டைத்தான்.

சித்திரப்படத்துக்கு ஒரு வசதி உண்டு. வரைந்த உருவத்துக்குத் தொண்டை கிடையாது என்பதால், ஒருவர் பேசலாம், மற்றொருவர் பாடலாம்; கண் அதைக் கண்டுபிடிப்பதில்லை. 1992இல் வந்த 'அலாதீன்' படத்தில் இளவரசி ஜாஸ்மினுக்குப் பேசியவர் லிண்டா லார்கின், பாடியவர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாடகி லியா சலோங்கா. 1998இல் வந்த 'முலான்' படத்திலும் மிங்-நா வென் பேச, சலோங்காவே பாடினார். 1994ஆம் ஆண்டின் 'லயன் கிங்' படத்தில் வளர்ந்த சிம்பாவாகப் பேசிய மேத்யூ ப்ராடரிக்குக்காக ஜோசப் வில்லியம்ஸ் பாடினார். இதில் யாருக்கும் எந்த ஏமாற்றமும் இருக்கவில்லை.

அதே கதையை நடிகர்களை வைத்து எடுக்கும்போது நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. பாடுகிறவரின் உடலைக் கேமரா மிக அருகில் சென்று பார்க்கிறது. நீண்ட அடியைத் தொடங்குமுன் விலாப்பக்கம் விரிகிறதா, உச்ச ஸ்தாயியைத் தொடும்போது தாடை தளர்ந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா, சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வை முடியும் இடத்தில் கழுத்து நரம்பு எப்படி அடங்குகிறது என்பதையெல்லாம் சங்கீதம் தெரியாத ரசிகரின் கண்கூடத் தன்னையறியாமல் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலான இசைப்படங்களில் பாட்டு முன்கூட்டியே பதிவாகிவிடும். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகர் வாயசைப்பார். தானே பாடிப் பதிவு செய்தவர் வாயசைக்கும்போது, மூச்சை எங்கே எடுத்தோம் என்பது உடம்புக்கு நினைவிருக்கும். பாடாதவருக்கு அந்த நினைவு இருக்காது. உதடு சரியாக அசைந்தாலும் மார்பு அசையாமல் நிற்கும்.

பாடத் தெரிந்தவர்களே நடித்தாக வேண்டும் என்று இதைக் கொண்டு நான் முடிவு கட்டவில்லை. நான் தமிழ்ப் படங்களைக் கேட்டும் பார்த்தும் வளர்ந்தவள். ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடுவதில் என்னென்ன அழகுகள் பிறக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பேசும்படத்தின் முதல் ஆண்டுகளில் பாட்டு வராதவருக்கு வேடமே இல்லை. தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் பாட்டை வைத்தே திரையை ஆண்டார்கள். 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாட்டு புகுந்தது என்று திரை வரலாற்றாளர்கள் குறிப்பிடுவார்கள். அதன்பின் குரலும் முகமும் தனித்தனியே வளர்ந்தன. ஆனால் நாம் ஒரு நேர்மையைக் காத்தோம். பாடியவர் யார் என்று சொன்னோம். அதில் வானொலிக்கே பெரிய பங்கு உண்டு. 1949இல் 'மகல்' என்ற இந்திப் படம் வந்தபோது, அதன் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடகியின் பெயருக்குப் பதிலாகக் காமினி என்ற கதாபாத்திரத்தின் பெயரே அச்சாகியிருந்தது. பாடியது யார் என்று கேட்டு நேயர்கள் வானொலிக்குக் கடிதங்களாக எழுதிக் குவித்த பிறகே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. ஒரு பாட்டுக்கு முன் 'பாடியவர்' என்று அறிவிப்பாளர் சொல்லும் அந்த ஒரு சொல்லின் பின்னால் அந்த நேயர்களின் பிடிவாதம் இருக்கிறது.

அதே காலத்தில் ஹாலிவுட்டும் இரவல் குரலைப் பயன்படுத்தியது. ஆனால் மறைத்துப் பயன்படுத்தியது. மார்னி நிக்சன் என்ற பாடகியின் கதையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். 1956இல் 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெர்ருக்காகவும், 1961இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்தில் நேட்டலி வுட்டுக்காகவும், 1964இல் 'மை ஃபேர் லேடி' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகவும் பாடியவர் அவர். திரையில் அவர் பெயர் வரவில்லை. கெர்ரும் நிக்சனும் வாரக்கணக்கில் சேர்ந்து ஒத்திகை பார்த்தார்கள். எந்த இடத்தில் பேச்சு முடிந்து பாட்டு தொடங்குகிறது என்பது தெரியாத அளவுக்கு ஒருவரது மூச்சை மற்றவர் கற்றுக்கொண்டார்கள். இந்த உதவியைக் கெர் வெளிப்படையாகவே சொன்னார். நேட்டலி வுட்டின் அனுபவம் இதற்கு நேர் எதிரானது. தம் குரலே படத்தில் வரும் என்று நம்பித் தாமே பாடி, அந்தப் பதிவுக்கே வாயசைத்து நடித்தார். படப்பிடிப்பு முடிந்தபின், அவரது உதட்டசைவுக்குப் பொருந்தும்படி நிக்சன் பாட வேண்டியதாயிற்று. அந்தப் படத்துக்கு இசையமைத்த லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தம் உரிமத்தொகையில் ஒரு சிறு பங்கை நிக்சனுக்கு விட்டுக்கொடுத்தார். ஸ்டூடியோ தந்திருக்க வேண்டிய மரியாதையை ஒரு கலைஞர் தம் கைப்பொருளிலிருந்து தந்தார்.

'மை ஃபேர் லேடி'யின் எலைசா வேடத்தை 1956 முதல் மேடையில் பாடி நடித்தவர் ஜூலி ஆண்ட்ரூஸ். படத்துக்கு அவரை எடுக்காமல், திரையில் புகழ்பெற்றிருந்த ஹெப்பர்னை எடுத்தார்கள். ஹெப்பர்ன் கடுமையாகப் பயிற்சி செய்தும் அவரது பாட்டின் பெரும்பகுதி நீக்கப்பட்டு நிக்சனின் குரல் வைக்கப்பட்டது. அதே ஆண்டில் வேறொரு இசைப்படத்தில் நடித்த ஆண்ட்ரூஸ் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். ஹெப்பர்னின் பெயர் பரிந்துரைப் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. அதே படத்தில் ரெக்ஸ் ஹாரிசன் தமக்குப் பாட்டு வராது என்பதை ஒளிக்காமல், சொல்லைத் தாளத்தில் நிறுத்திப் பேச்சும் பாட்டுமாக வழங்கினார். ஒவ்வொரு முறையும் வேகம் மாறும் என்பதால் முன்பதிவுக்கு வாயசைக்க முடியாது என்று சொல்லி, கழுத்துப்பட்டியில் ஒலிவாங்கியை மறைத்துக்கொண்டு படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடினார். வேடத்துக்கு அது பொருந்தியது. எல்லா வேடத்துக்கும் தேர்ந்த குரல் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

இனி அண்மைக் காலத்துக்கு வருகிறேன். 2017இல் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தை டிஸ்னி மறுஆக்கம் செய்தது. 1991ஆம் ஆண்டின் சித்திரப்படத்தில் நாயகி பெல்லுக்குப் பேசியும் பாடியும் உயிர் கொடுத்தவர் மேடைப் பாடகி பேஜ் ஓ'ஹாரா. மறுஆக்கத்தில் அந்த வேடம் உலகப்புகழ் பெற்ற எம்மா வாட்சனுக்குச் சென்றது. அவர் நல்ல நடிகை. அறிவும் கண்ணியமும் பெல்லின் முகத்தில் இருக்க வேண்டும் என்றால் அவரிடம் அவை உண்டு. ஆனால் பாட்டு அவருடைய தொழில் அன்று. அதே படத்தில் சிறிய வேடத்தில் வரும் ஆட்ரா மெக்டொனால்ட், மேடைக் கலைக்கான டோனி விருதை ஆறு முறை வென்றவர். வில்லனாக வரும் லூக் எவன்ஸ் லண்டன் மேடையில் பாடிப் பழகியவர். படத்தின் தேர்ந்த குரல்களெல்லாம் ஓரத்தில் நிற்க, நடுவில் நிற்கும் பெண்ணின் குரலைத்தான் தாங்கிப்பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தத் தாங்கலுக்கு இன்று மென்பொருள் இருக்கிறது. பாடியவரின் சுருதி விலகும் இடங்களைக் கணக்கிட்டு, அருகிலுள்ள சரியான சுரத்துக்கு அது இழுத்து நிறுத்திவிடும். ஓரிரு இடங்களில் மெல்லத் தொட்டால் தெரியாது. கூடுதலாகத் தொட்டால், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வளைவும், சொல்லின் முனையில் வரும் மெல்லிய நடுக்கமும், மூச்சு தீரும்போது வரும் சிறு தாழ்வும் சேர்ந்தே போய்விடும். சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் கமகத்தில் ஊறிய நம் காதுக்கு இந்த இழப்பு உடனே தெரியும். பெல்லின் பாட்டுகளில் என் காதுக்குக் கேட்டது அந்த இஸ்திரி போட்ட குரல்தான். எல்லாச் சுரமும் சரியாக இருந்தது. யாரும் பாடியதுபோல் இல்லை. இரவல் குரலாவது இன்னொரு மனிதரின் தொண்டையிலிருந்து வருகிறது. கருவியால் திருத்திய குரலில் நடிகையும் இல்லை, பாடகியும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: பாடத் தெரிந்தவரை எடுங்கள், இயலாவிட்டால் தேர்ந்த ஒருவரைப் பாடச் சொல்லி அவர் பெயரை நடிகரின் பெயருக்குப் பக்கத்திலேயே திரையில் போடுங்கள். இவ்விரண்டும் கௌரவமான வழிகள்.

புகழ்பெற்ற முகம் இல்லாமல் இவ்வளவு பெரிய முதலீட்டைத் திரும்ப எடுக்க முடியாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வதை நான் ஒதுக்கிவிடவில்லை. வாட்சன் நடித்த படம் உலக அளவில் 120 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2021இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை மறுபடி எடுத்தபோது, திறந்த அழைப்பின் மூலம் ரேச்சல் செக்லர் என்ற பள்ளி மாணவியைத் தேர்ந்தெடுத்து, நேட்டலி வுட் பாட முடியாமல் போன பாட்டுகளை அவர் குரலிலேயே பாடவைத்தார். அந்தப் படம் போட்ட பணத்தைத் திரையரங்குகளில் எடுக்கவில்லை. பெருந்தொற்றுக் காலம் அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இருந்தாலும், 1961இல் மூடி மறைத்த ஒன்றை அறுபது ஆண்டுகள் கழித்து ஒரு படம் சரிசெய்தது என்பதை எந்த வசூல் கணக்கும் சிறிதாக்கிவிட முடியாது.

கடற்கன்னிக்கே திரும்புகிறேன். ராப் மார்ஷல் இயக்கிய 2023ஆம் ஆண்டுப் படத்துக்கு ஹாலி பெய்லி தேர்வானார். தமக்கை க்ளோயியுடன் இணைந்து பாடி வந்த பாடகி அவர். கிராமி விருது விழாவில் அவர் பாடியதைப் பார்த்துத்தான் இயக்குநர் அவரை அழைத்தார். கறுப்பினப் பெண் ஏரியலாக வரலாமா என்று 2019இல் அறிவிப்பு வந்த நாள்முதல் எழுந்த கூச்சல் என்னை மிகவும் வருத்தியது. குரலையே பொருளாகக் கொண்ட ஒரு கதைக்குக் குரலைக் கேட்டு ஆளைத் தேர்ந்தெடுத்ததில் என்ன பிழை கண்டார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. படத்தில் அவர் அந்த ஏக்கப் பாட்டைப் பாடும்போது, தாழ்ந்த ஸ்தாயியில் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் தொடங்கி, கடைசி அடியில் குரலை முழுதாகத் திறந்துவிடுகிறார். அந்த ஏற்றத்தில் அவரது கழுத்தும் தோளும் முகமும் ஒன்றாகவே எழுகின்றன. பிறகு குரலை இழந்து, படத்தின் நீண்ட பகுதியில் பேசாமல் நடிக்கிறார். முன்பு கேட்ட குரல் நம் காதில் நிற்பதால், அந்த மௌனத்தின் கனம் நமக்குத் தெரிகிறது.

அதில் ஒரு சந்தைக் காட்சி வருகிறது. கரைக்கு வந்துவிட்ட ஏரியல் பேச முடியாதவளாக, கடைகளை வியந்து பார்த்தபடி நடக்கிறாள். ஒரு கடைக்காரப் பெண்மணி அவள் கையில் ஒரு முள்கரண்டியைக் கொடுத்து ஒருசில சொற்கள் பேசுகிறார். அந்தப் பெண்மணியாக வருபவர் ஜோடி பென்சன். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த படத்துக்காக, விளக்குத் தணிந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் ஏரியலாகப் பாடிய அதே பாடகி. முதல் படத்தில் அவர் குரலை மட்டுமே கேட்டோம். இந்தக் காட்சியில் அவர் முகத்தோடு பேசுகிறார். எதிரே பெய்லி பேச்சில்லாமல் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வணக்கம்.