பழைய கூரை திறக்கும் கார் வாங்குமுன் பார்க்க வேண்டிய குழி

[திரையில்: மரைன் டிரைவில் நிற்கும் கறுப்பு பி.எம்.டபிள்யூ இசட்4. கடல் பக்கம் மழை இருட்டு.]

வணக்கம். கொழும்பில் ஒரு பழைய இசட்4 பார்க்கப் போனால் விற்பவர் முதலில் செய்வது, பொத்தானை அமுக்கிக் கூரையைத் திறந்து காட்டுவதுதான். சுமார் பத்து செக்கன். அந்த நேரத்தில் கூரையைப் பார்த்து வாயைப் பிளக்காமல், இடது பக்கம் காதைக் கொடுங்கள்.

இன்று பேசுவது ஈ85 என்கிற முதல் தலைமுறை இசட்4 பற்றி. 2002 முதல் 2008 வரை அமெரிக்காவின் தென் கரோலினாவில் செய்தார்கள். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாலும், வயதுக் கட்டுப்பாடு இருப்பதால் இவ்வளவு பழைய கார் இனி உள்ளே வராது. ஏற்கெனவே நாட்டில் இருப்பவற்றைத்தான் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டுகிறோம். அதனால் விளம்பரத்தில் போடும் "முதல் உரிமையாளர்" கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

[திரையில்: கூரை பாதி திறந்த நிலை. இருக்கைக்குப் பின்னால் உள்ள குழியை கமரா நெருங்குகிறது.]

துணிக்கூரை மடிந்து போய் உட்காரும் குழி இது. மழைத்தண்ணீர் இங்கே இறங்கி, இரு பக்கமும் உள்ள ரப்பர் குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்குக் கிட்ட வெளியே போக வேண்டும். கூரையைத் தூக்கும் ஹைட்ரோலிக் மோட்டரை இடது பக்கத்தில், இந்தக் குழியின் அடியிலேயே வைத்திருக்கிறார்கள். ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

கொழும்பு 7 பக்கம் மாரா மரத்தடியில் நிறுத்தும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன இலைகள் தூசியோடு சேர்ந்து குழாய் வாயில் கறுப்புச் சேறாக அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒக்டோபர், நவம்பர் மழையில் மோட்டர் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். உடனே சாகாது. முதலில் கூரை மெதுவாகும், பிறகு அம்மியில் அரைக்கிற மாதிரி முனகும். கடைசியில் ஒருநாள் திறந்தபடியே நின்றுவிடும். அப்போது கையால் மூட வழி உண்டு. அதற்கான அலன் சாவி, அதாவது ஆறு மூலைச் சாவி, காரின் கருவிப் பையில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

[திரையில்: போத்தல் தண்ணீரைக் குழியில் ஊற்றுவது. பின்சக்கரத்தருகே சொட்டு.]

பார்க்கப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கீழே ஒழுகினால் சரி, குழியிலேயே தேங்கினால் கதை வேறு.

செலவு? இங்கே சாமானோடு கூலியும் பெரிய தலையிடி. முறைப்படி செய்தால் கூரைச் சட்டத்தையே கழற்ற வேண்டும். புது மோட்டர் ஆயிரம் டாலர் கணக்கில் பேசுகிற சாமான். வெளிநாட்டில் இந்தக் காரை மட்டுமே பார்க்கும் கராஜ்காரர்கள் வேறு வழி பிடித்துவிட்டார்கள்: பழைய மோட்டரைத் துப்புரவாக்கி, வயரை நீட்டி, தண்ணீர் படாத டிக்கிக்குள் கொண்டுபோய் வைப்பது. நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரும் பொறுமையான மெக்கானிக் பாஸ் ஒருவரும் சேர்ந்தால் கொழும்பிலும் செய்யலாம். ஏற்கெனவே டிக்கிக்கு மாற்றிய கார் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். சிறிய எஞ்சின் இசட்4 சிலவற்றில் கூரையைக் கையால்தான் இழுத்து மூட வேண்டும். நம்மவர்கள் அதைக் குறைவாகப் பார்ப்பார்கள். நான் என்றால் அதைத்தான் எடுப்பேன். இருக்கிற மோட்டர்தானே பழுதாகும்!

[திரையில்: எஞ்சின் மூடி திறந்திருக்கிறது. பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டியில் மயிரிழை வெடிப்பு.]

அடுத்தது சூடு. 2006க்கு முந்திய ஆறு சிலிண்டர் எம்54 எஞ்சின் உழைப்பாளி. ஆனால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் தொட்டியும் குழாய் முனைகளும் பிளாஸ்டிக். வெள்ளவத்தைச் சந்தியில் ஏ.சி.யோடு ஊர்ந்து ஊர்ந்து அவை வெடிக்கும். தொட்டி, தேர்மோஸ்டட், வோட்டர் பம்ப், ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். வேறு நிறுவனங்கள் செய்யும் தரமான மாற்றுச் சாமானில் சுமார் 300, 400 டாலர் வரும். டாலர் 300 ரூபாய் என்று வைத்தால் சாமான் மட்டும் 90,000 முதல் 120,000 ரூபாய். வரி, அனுப்பும் செலவு, கூலி எல்லாம் தனி. பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் மலிவாகக் கிடைத்தாலும், பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். அதுவும் இதே வெயிலில் காய்ந்ததுதான்.

நான்கு சிலிண்டர் 2.0 என்றால் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, பிறகு அக்சிலரேட்டரை மிதித்துப் பின்னால் பாருங்கள். நீலப் புகை வந்தால், எண்ணெய் உள்ளே கசியாமல் தடுக்கும் வால்வு சீல் போயிருக்கலாம். சீல் மலிவு, ஆனால் அதைப் போடுவதற்கு எஞ்சினின் தலைப்பகுதியைப் பிரித்து நாட்கணக்கில் வேலை செய்ய வேண்டும்.

ஸ்டியரிங்கைக் காலையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இதன் எலக்ட்ரிக் ஸ்டியரிங் சூடானால் நடுவில் ஒட்டிக்கொண்டு, சின்னத் திருத்தத்துக்கு இணங்காமல் அடம்பிடிக்கும். மதியம், வெயிலில் நின்ற காரை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒட்டினால் சில நேரம் ஸ்டியரிங் தண்டு (கொலம்) முழுவதையுமே மாற்ற வேண்டிவரும்.

காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரும் உபரிச் சக்கரம் இல்லாததும் தெரிந்த விஷயங்கள், அதற்குள் போகவில்லை.

[திரையில்: ஈரமான துணிக்கூரையை மென்மையான தூரிகையால் தேய்ப்பது.]

சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் பைப்பைக் கூரைத்துணிக்கு நேரே பிடிக்க விடாதீர்கள். ஈரமாக மடிக்கவும் வேண்டாம், இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

விலை பேசும்போது "மோட்டர் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். விற்பவர் "எந்த மோட்டர்?" என்று திருப்பிக் கேட்டால், அது இன்னும் குழியில்தான் இருக்கிறது. அந்த வேலைக்கான பணத்தைக் கழித்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.