அச்சகத் தொழிலாளி, அமைச்சர், கடைசித் தலைவர்: ரெஷோ ஞெர்ஷ்

நேயர்களுக்கு வணக்கம். ஹங்கேரியின் கம்யூனிஸ்ட் காலம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1956 மக்கள் எழுச்சி, அதை நசுக்கப் புடாபெஸ்ட் தெருக்களில் வந்த சோவியத் டாங்கிகள், இரண்டு வருடம் கழித்துத் தூக்கிலிடப்பட்ட பிரதமர் இம்ரே நாஜ், அப்புறம் 1988 வரை கட்சியைக் கையில் வைத்திருந்த யானோஷ் காதார். இவர்களுக்கு நடுவே ஒருவர் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார், இன்றைக்கு அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெயர் ரெஷோ ஞெர்ஷ். அந்த நாட்டு மக்களின் அன்றாட வாழ்க்கையை மாற்றியதில் காதாருக்கு அடுத்தபடியாக இவர் பங்குதான் பெரிது என்பது என் கருத்து.

1923-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். அச்சகத் தொழிலாளி. 1940-இல் அவர் சேர்ந்தது சமூக ஜனநாயகக் கட்சியில், கம்யூனிஸ்ட் கட்சியில் அல்ல. 1948-இல் அந்தக் கட்சியைக் கம்யூனிஸ்டுகள் தங்களோடு இணைத்துக்கொண்டார்கள். மறுத்தவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள், அக்கட்சியின் தலைவர்களில் ஒருவரான அன்னா கேட்லி போன்றவர்கள் பிறகு சிறைக்கும் போனார்கள். ஞெர்ஷ் இணைப்போடு போனார். இதை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்தக் குணம்தான் தெரிகிறது: உள்ளே இருந்தே மாற்றலாம் என்று நம்பியவர்.

1956-இல் உணவுத் துறை அமைச்சர், பிறகு கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்புத் தலைவர், 1960 முதல் 62 வரை நிதியமைச்சர். கடையில் பொருள் இருக்கிறதா இல்லையா என்பதைத் தினமும் பார்க்கவேண்டிய வேலைகள் இவை. திட்ட ஆணையம் போடும் கணக்குக்கும் கடை அலமாரிக்கும் எவ்வளவு தூரம் என்பது அங்கேதான் அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1962-இல் கட்சியின் மத்தியக் குழுச் செயலாளரானார். பொருளாதாரம் அவர் பொறுப்பு. பல வருடம் பொருளாதார அறிஞர்களை உட்காரவைத்துப் பேசி, 1966-இல் கட்சியின் ஒப்புதலை வாங்கி, 1968 ஜனவரி 1 அன்று புதிய பொருளாதார முறை நடைமுறைக்கு வந்தது. அது செய்தது என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அதுவரை ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் இந்த வருடம் இத்தனை டன், இத்தனை ஜோடி என்று மேலிருந்து உத்தரவு வரும், யாருக்கும் வேண்டாத பொருளாக இருந்தாலும் எண்ணிக்கை நிறைந்தால் போதும். அந்தக் கட்டாய இலக்குகளை அடியோடு எடுத்துவிட்டார்கள். எதைச் செய்வது, யாருக்கு விற்பது என்பதைத் தொழிற்சாலையே முடிவு செய்யலாம், அளவுகோல் லாபம். விலைகளில் சில அரசு நிர்ணயித்தவை, சிலவற்றுக்கு உச்சவரம்பு மட்டும், மற்றவை சந்தைக்கு விடப்பட்டன. கூட்டுப் பண்ணைகள் விவசாயத்தோடு சிறு தொழில்களும் நடத்தலாம், விவசாயிகள் வீட்டை ஒட்டிய நிலத்தில் காய்கறி, பன்றி, கோழி வளர்த்து விற்கலாம். சோவியத் அணியில் வேறெங்கும் இந்த அளவுக்கு, இவ்வளவு காலம் நிலைத்த மாற்றம் வரவில்லை.

அதே ஜனவரியில்தான் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில், அரசியலையும் திறந்துவிட முயன்ற டூப்செக் கட்சித் தலைமைக்கு வந்தார். ஆகஸ்டில் அதை நசுக்கச் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த சோவியத் அணிப் படைகளில் ஹங்கேரியப் படையும் இருந்தது. பொருளாதாரத்தைத் திறக்கலாம், கட்சியின் பிடியைத் தொடக்கூடாது என்பதுதான் எல்லை. அந்த எல்லைக்குள் ஞெர்ஷின் சீர்திருத்தம் பிழைத்தது, ஆனால் அதற்குத் துணை நிற்கச் சுதந்திரமான ஒரு தொழிற்சங்கமோ பத்திரிகையோ நாடாளுமன்றமோ இல்லாமல் போனது.

அதனால் எதிர்ப்பு வந்தபோது அவரைக் காப்பாற்ற யாரும் இல்லை. எதிர்ப்பிலும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்கிறேன். லாபப் பங்காக உயர் நிர்வாகிகளுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கலாம், தொழிலாளிக்கு 15 சதவீதம்தான் என்று ஆரம்பத்தில் விதி வைத்தார்கள். தொழிலாளர் பெயரால் ஆளும் நாட்டில் இது எப்படிக் கேட்டிருக்கும்! சீக்கிரமே அதைக் கைவிட்டார்கள், ஆனால் பேலா பிஸ்கு போன்ற பழைமைவாதிகளுக்கு ஆயுதம் கிடைத்துவிட்டது. மாஸ்கோவும் முகம் சுளித்தது. 1972 நவம்பரில் மத்தியக் குழு கூடி, 50 பெரிய நிறுவனங்களை மீண்டும் நேரடி மேற்பார்வையில் வைத்தது. 1974 மார்ச்சில் ஞெர்ஷைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கினார்கள், அடுத்த வருடம் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவிலும் இடமில்லை. காதார் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை, அறிவியல் அகாடமியின் பொருளாதார ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராக அனுப்பினார்.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். உலகமே எண்ணெய் விலை உயர்வால் ஆட்டம்கண்ட நேரத்தில், அந்த நாட்டில் அதைச் சமாளிக்கத் தெரிந்த ஆளை ஒதுக்கிவிட்டு, வாழ்க்கைத்தரம் குறையக்கூடாது என்று மேற்கு நாடுகளிடம் கடன் வாங்கினார்கள். 1989-இல் வெளிநாட்டுக் கடன் சுமார் 2,000 கோடி டாலர், ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு.

1988-இல் காதார் விலகியபோது ஞெர்ஷை மறுபடி அரசியல் குழுவுக்குக் கூப்பிட்டார்கள். 1989 ஜூன் 16 அன்று இம்ரே நாஜின் உடல் மக்கள் வெள்ளத்துக்கு நடுவே மறுஅடக்கம் செய்யப்பட்டது. அடுத்த வாரமே 66 வயதில் ஞெர்ஷ் கட்சியின் தலைவர், கட்சியை நடத்திய நால்வர் குழுவில் முதலிடத்தில் இருந்தவர். அக்டோபர் மாநாட்டில் ஆளுங்கட்சி தன்னையே கலைத்துக்கொண்டது, அங்கேயே பிறந்த சோஷலிஸ்ட் கட்சிக்கும் அவர்தான் முதல் தலைவர். 1990 தேர்தலில் அதற்கு 11 சதவீதம் வாக்குகள்கூடத் தேறவில்லை. தலைமையை கியூலா ஹார்னிடம் கொடுத்துவிட்டார், ஆனால் நாடாளுமன்றத்தை விட்டுப் போகவில்லை. அதன்பிறகும் பல வருடம் உறுப்பினராக இருந்தார். 2018 ஜூனில், 95 வயதில் காலமானார்.