டர்போ ரோட்டரி எஞ்சின் போட்ட விமானம்: எதுக்கு 40 மணி நேரம் தனியாவே பறந்து பார்க்கணும்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன். இதுக்கு நிதானமாப் பதில் சொல்லணும்னு தோணுச்சு. ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, ரோட்டரி எஞ்சின்ல பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, உடையறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்க. அப்போ தரையில நல்லா ஓட்டிப் பார்த்துட்டு, ஒரு தடவை மேல போய் பத்திரமா இறங்கிட்டாப் போதாதா? எதுக்கு 40 மணி நேரம் தனியாவே சுத்தணும்?"

நல்ல கேள்வி தம்பி. சட்டத்தை முதல்ல சொல்லிடுறேன், அது சின்னது. அமெரிக்காவுல நாமளே கட்டுற விமானத்துக்கு எக்ஸ்பெரிமென்டல்னு தனி வகை இருக்கு. வேலையில பாதிக்கு மேல நாமளே செஞ்சிருக்கணும். கட்டி முடிச்சதும் எஃப்ஏஏ (அமெரிக்க அரசோட விமானத்துறை) ஆள் வந்து பார்த்து, முதல் கட்டச் சோதனைக்கு ஒரு எல்லை போட்டுக் கொடுப்பாங்க. ஜனங்க அதிகம் இல்லாத பக்கமா இருக்கும். சான்றிதழ் வாங்கின விமான எஞ்சினும் அதுக்கு ஏத்த ப்ரொப்பெல்லரும் சேர்ந்திருந்தா வழக்கமா 25 மணி நேரம். என்னோடது கார் எஞ்சின், அதனால 40. அதுவரைக்கும் வேடிக்கை பார்க்க யாரையும் ஏத்தக் கூடாது. 2014லேருந்து, தகுதி இருக்குற இன்னொரு பைலட்டை சில நிபந்தனையோட கூட்டிட்டுப் போகலாம். அவ்ளோதான் சட்டம்.

ஆனா உன் கேள்வி சட்டத்தைப் பத்தி இல்ல. ஏன் அவ்வளவு நேரம்னுதான் கேட்கிற. அதுக்குப் பதில் எஞ்சினுக்குள்ள இருக்கு.

நான் போட்டிருக்கிறது மாஸ்டா கார்ல வர்ற 13பி ரோட்டரி எஞ்சின். ரெண்டு ரோட்டர், மொத்தம் 1308 சிசி. எஞ்சினோட ஷாஃப்ட் மூணு சுத்து சுத்தினா உள்ள இருக்குற முக்கோண ரோட்டர் ஒரே ஒரு சுத்துதான் சுத்தும். டேக்ஆஃப்ல ஷாஃப்ட் 7000 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 7000 சுத்து ஓடுதுன்னு வெச்சுக்கோ, ரோட்டரோட வேகம் வெறும் 2333. முன்னாடி 2.85க்கு 1னு குறைக்கிற கியர்பாக்ஸ் இருக்கு, அதனால ப்ரொப்பெல்லர் 2450 சொச்சம். எஞ்சினோட உயிரா இருக்குற ரோட்டர், வெளிய தெரியற ப்ரொப்பெல்லரை விட மெதுவா சுத்துது! இந்தக் கணக்கை முதல்முதலாப் போட்டுப் பார்த்த அன்னைக்குத்தான் இந்த எஞ்சின் மேல எனக்கு ஆசையே வந்துச்சு.

ஆனா இதுக்கு ஒரு குணம் உண்டு. சூட்டை வெளிய தள்ளுறதுல இது பொல்லாத எஞ்சின். எரிஞ்சு முடியறதுக்குள்ளயே கேஸ் வெளிய வந்துடும். எக்ஸாஸ்ட் சூடு சர்வசாதாரணமா 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டர்போங்கிறது அந்த எக்ஸாஸ்ட் வேகத்துலயே சுத்தி, எஞ்சினுக்குள்ள கூடுதல் காத்தை அழுத்தித் தள்ளுற கருவி. அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். அந்த நெருப்புக்கு நேரா டர்போவோட டர்பைன் சக்கரம் உட்கார்ந்திருக்கு. கார்ல நீ முழு பூஸ்ட்ல எவ்வளவு நேரம் மிதிப்ப? பத்து செகண்டு. அப்புறம் சிக்னல் வந்துடும், காலை எடுத்துடுவ. விமானத்துல பத்து நிமிஷம் விடாம ஏறணும். ஏறி முடிச்சும் முக்கால்வாசி பவர்லயே மணிக்கணக்கா ஓடணும். டர்போவுக்கு மூச்சு விடவே நேரம் கிடையாது. தரையில எவ்வளவு ஓட்டினாலும் இது தெரியாது, ஏன்னா காத்தோட்டம் இல்லாததால ரேடியேட்டர் சூடாகி நாமளே ரெண்டு மூணு நிமிஷத்துல ஆஃப் பண்ணிடுவோம்.

அதுக்காகத் தரைச் சோதனையை விட்டுட முடியாது. மூக்கை ஏறுற கோணத்துக்குத் தூக்கி வெச்சு, பெட்ரோல் பைப்பைக் கழட்டி கேன்ல பிடிச்சு அளந்தேன். முழு பவர்ல மணிக்கு 75 லிட்டர் குடிக்கும்னா, பம்ப் அதைப் போல ஒண்ணேகால் மடங்கு, கிட்டத்தட்ட 94 லிட்டராவது கொடுக்கணும். வாலைக் கட்டிப் போட்டு முழு பவர் பார்த்தேன். பேட்டரி போனா பெட்ரோலைப் பீய்ச்சுற இன்ஜெக்‌ஷன் போச்சு, எஞ்சினும் நின்னுடும். அதனால ரெண்டாவது பேட்டரியில மட்டும் ஓட்டிப் பார்த்தேன். இதெல்லாம் ஒரு வாரம்.

முதல் பறப்பு அன்னைக்கு டர்போ இருக்குங்கிறதையே மறந்துட்டேன்னு சொல்லலாம். மேனிஃபோல்டு பிரஷர், அதாவது எஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தம், 30 இன்ச்சைத் தாண்ட விடல. அது கடல் மட்டத்துல சும்மா இருக்குற காத்தழுத்தம்தான், பூஸ்ட்டே இல்லன்னு அர்த்தம். ரன்வேக்கு நேர் மேலயே வட்டம் போட்டேன், எஞ்சின் நின்னாலும் சறுக்கி இறங்குற தூரத்துல. அரை மணி நேரம். இறங்கி எஞ்சின் மூடியான கௌலிங்கைக் கழட்டி ஒவ்வொரு க்ளாம்ப்பையும் கையால தொட்டுப் பார்த்தேன்.

அதுக்கப்புறம் ரெண்டு ரெண்டு இன்ச்சா ஏத்தினேன். ஏன் இவ்வளவு மெதுவான்னா, ரோட்டரோட மூணு முனையிலயும் அப்பெக்ஸ் சீல்னு ஒண்ணு இருக்கு. 80 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன், அவ்ளோதான். பூஸ்ட்ல பெட்ரோல் கொஞ்சம் கம்மியாப் போய் உள்ள டெட்டனேஷன் (கலவை சீரா எரியாம திடீர்னு வெடிக்கிறது) வந்துச்சுன்னா இந்தப் பட்டை உடைஞ்சுடும். பிஸ்டன் எஞ்சினாவது கொஞ்சம் தட்டிக் காட்டி எச்சரிக்கை கொடுக்கும். இது அவ்வளவு பொறுமையான எஞ்சின் இல்ல. அதனால ஒவ்வொரு அழுத்தத்துலயும் பெட்ரோல் கலவையைச் சரி பண்ணிட்டுத்தான் அடுத்த படி. தனியாப் பறக்கும்போது கலவையைச் சரி பண்ற லேப்டாப்பைப் பார்க்காதீங்க. அளவுகளைப் பதிவு பண்ற லாகர் எழுதட்டும், இறங்கி வந்து பாருங்க.

ஏழாவது பறப்புல ஆயில் சூடு ஏறிக்கிட்டே போச்சு. ரோட்டரை உள்ளேருந்து குளிர வைக்கிறதே ஆயில்தான், அதனால இந்த எஞ்சினுக்கு ஆயில் கூலர் ரேடியேட்டருக்குச் சமம். நான் வெச்ச வரம்பு 99 டிகிரி. 2000 அடியிலயே 104 காட்டுச்சு. பவரைக் குறைச்சு இறங்கிட்டேன். பார்த்தா கூலரோட விளிம்புக்கும் காத்தைக் கொண்டு வர்ற டக்ட்டுக்கும் நடுவுல சுண்டுவிரல் நுழையற இடைவெளி. வந்த காத்து கூலர் வழியா போகாம அந்தப் பக்கமா ஓடியிருக்கு. சிலிகான் பட்டை வெச்சு அடைச்சேன், அடுத்த தடவை 93.

இப்ப உன் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்றேன்.

ஒவ்வொரு பறப்புலயும் 9000 அடியில, ஒரே ஆர்பிஎம்ல, த்ராட்டில் முழுசாத் திறந்து, மேனிஃபோல்டு பிரஷர் எவ்வளவுன்னு பென்சில்ல ஒரு தாள்ல எழுதுவேன். 34, 34, 34ன்னு வரிசையா வந்துட்டு இருந்துச்சு. இருபத்தோராவது மணி நேரத்துல 33. வெயில் ஜாஸ்தின்னு விட்டுட்டேன். இங்க டெக்சாஸ்ல ஆகஸ்ட் மாசம் எப்படி இருக்கும்னு தெரியும்ல. அடுத்த நாள் விடியக்காலையில, ஊரே குளிர்ந்து கிடக்கும்போது போனேன். 32.

டர்போ முன்னை மாதிரி காத்தைத் தள்ளலன்னு அர்த்தம். ஆனா எஞ்சின் சத்தத்துல மாத்தம் இல்ல. ஆட்டம் இல்ல. ஆயில், கூலன்ட் எல்லாம் பச்சையில. வேற யாராவது பக்கத்துல இருந்திருந்தா "அருமையா ஓடுது"ன்னு சொல்லியிருப்பாங்க. அன்னைக்கு சாயங்காலம் ஹேங்கர்ல எக்ஸாஸ்ட் பைப்பைக் கழட்டி டார்ச் அடிச்சேன். டர்பைன் சக்கரத்தை விரலால மெல்லத் திருப்பினேன். நாலாவது இதழ் வரும்போது நுனியில ஒரு அரிசி அளவு காணோம். சக்கரத்தை மேலயும் கீழயும் அசைச்சா கட கடன்னு ஆடுது, உள்ள பேரிங் தேய்ஞ்சு போயிருக்கு. பக்கத்துலயே கறுப்பா, ஈரமா ஆயில் கசிவு.

டர்போவோட ஷாஃப்ட் பறந்துட்டு இருக்கும்போது உடைஞ்சிருந்தா என்ன ஆகும்? டர்போவுக்கு எஞ்சினோட ஆயில்தான் போகுது. டர்போவோட ஆயில் சீல் போனதும் அந்த ஆயில் முழுக்க 900 டிகிரி எக்ஸாஸ்ட் பைப்புக்குள்ள கொட்டும். புகை, நெருப்பு, கொஞ்ச நேரத்துல எஞ்சின்ல சொட்டு ஆயில் இருக்காது. இதை நினைச்சு அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல தம்பி, உண்மையாச் சொல்றேன்.

அந்த டர்போ மேல தப்பு இல்ல. பழைய கார்லேருந்து எடுத்தது, காரோட வேலைக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது. மேல காத்து மெலிசாகும்போது அதே அழுத்தத்தைக் கொடுக்க இன்னும் வேகமாச் சுத்தணும். அதை ராத்திரி பகலா ஓட விட்டது நான்தான். இப்ப டர்பைன் பக்கம் பெருசா இருக்குற டர்போ போட்டிருக்கேன். அதுக்குப் போற ஆயில் பைப்புல சின்ன ஓட்டை உள்ள தடுப்பும் வெச்சிருக்கேன், சீல் போனாலும் ஆயில் மெதுவாத்தான் போகும். மறுபடி 30 இன்ச்லேருந்து ஆரம்பிச்சேன். 40ல முடிய வேண்டியது 58 மணி நேரம் ஆச்சு.

அஞ்சாவது மணி நேரத்துல அந்தச் சக்கரம் முழுசா இருந்துச்சு. பத்துலயும் இருந்துச்சு. நீ கேட்ட மாதிரி ஒரு தடவை பறந்து, பத்திரமா இறங்கி, மறுவாரம் என் பொண்ணைப் பக்கத்து சீட்ல உட்கார வெச்சிருந்தா, இருபத்தி மூணாவது மணி நேரம் எங்க, யாரோட வந்திருக்கும்னு நீயே யோசிச்சுப் பாரு.

58 முடிஞ்சதும் லாக்புக்ல எழுதினேன்: எல்லா வேகத்துலயும் கட்டுப்பாட்டுல இருக்கு, ஸ்டால் வேகம் (இதுக்குக் கீழ போனா இறக்கை தூக்காது) இவ்வளவு, நல்லா ஏறுற வேகம் இவ்வளவுன்னு. அந்தப் பென்சில் தாளையும் அதுலயே மடிச்சு வெச்சிருக்கேன். 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை பைப்பைக் கழட்டி டர்பைனைத் தொட்டுப் பார்க்குறது இன்னைக்கும் நிக்கல. போன சனிக்கிழமை பார்த்தேன், எல்லா இதழும் முழுசா இருக்கு.