அக்காவின் கட்டியும் என் கையெழுத்தும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் இரவு ரயில் ஏறி, விடியற்காலையில் கொழும்புக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு பஸ் பிடித்த குடும்பங்கள் இந்த ஊரில் பல உண்டு. நானும் என் அக்காவும் அப்படிப் போய் வந்தவர்கள்தாம். ஸ்கேன் படங்களைப் பழைய புடவைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருப்பேன். "மடங்கிவிடப் போகிறது தங்கச்சி, கவனம்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார்.

மார்பில் கட்டி தட்டுப்பட்டும் மூன்று மாதம் அக்கா வாய் திறக்கவில்லை. வலிக்கவில்லையாம், அதனால் பேசாமல் இருந்தாராம். நேயர்களே, மார்புப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. இதைச் சொல்வதற்காக மட்டுமே கூட நான் இந்த ஒலிவாங்கியின் முன் வந்திருப்பேன்.

கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தால் போதும் என்றார் வைத்தியர். எனக்கு மனம் ஆறவில்லை. "முழுவதையும் எடுத்துவிட்டால் பயமில்லையே ஐயா?" என்று கேட்டேன். அதற்கு அவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். மார்பு முழுவதையும் அகற்றுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1976இல் அமெரிக்காவில் பேர்னார்ட் ஃபிஷர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அதைச் சோதிக்கத் துணிந்தார். 1,800க்கும் மேற்பட்ட பெண்கள் முன்வந்தார்கள். யாருக்கு மார்பை எடுப்பது, யாருக்குக் கட்டியை மட்டும் எடுப்பது என்பதை வைத்தியரும் தீர்மானிக்கவில்லை, அந்தப் பெண்களும் தீர்மானிக்கவில்லை; குலுக்கல்தான் தீர்மானித்தது. இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட முடிவிலும், இரு சாராரும் உயிர் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இருக்கவில்லை.

புற்றுநோய் வந்துவிட்ட நேரத்தில், தன் உடம்பைக் குலுக்கலுக்கு ஒப்புக்கொடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! என் அக்காவின் மார்பைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மறு வருடம், ஓர் ஆய்வுக் குழுவினர் நோய் வந்தவர்களின் சகோதரிகளைத் தேடி வந்தார்கள். ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்களில் ஒருத்திக்கு நோய் வருகிறது, மற்றவளுக்கு வரவில்லை. ஏன் என்பதை அறிய நோய் வராதவளும் தேவை. அமெரிக்காவில் 2003 முதல் 2009 வரை இப்படி 50,000க்கும் மேற்பட்ட சகோதரிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள்.

நானும் சேர்கிறேன் என்றபோது வீட்டில் எதிர்ப்புத்தான். "குமர்ப்பிள்ளைகள் இருக்கிற வீடு. பரம்பரை நோய் என்று கதை பரவினால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்றார் சின்னம்மா. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மார்புப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பெற்றோர் வழி வந்த மரபணு மாற்றத்தால் ஏற்படுகின்றன. மூடி மறைத்தால் பிள்ளைகளுக்குப் பரிசோதனைதான் பிந்தும்.

கையெழுத்து வைக்கும் முன் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்களும் அவசரப்படாதீர்கள். ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? என் இரத்தத்தை வேறு எதற்கும் பயன்படுத்துவார்களா? பாதியில் விலகினால் சிகிச்சைக்குப் பாதகம் வருமா? கேளுங்கள். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. தமிழில் விளக்கம் தராத படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இரத்தம் எடுத்த அன்று அக்காவும் பக்கத்தில் இருந்தார். தாதி குழாயில் ஓர் இலக்கத்தை மட்டும் ஒட்டினார். "பெயர் எழுதவில்லையா மகள்?" என்று கேட்டார் அக்கா. "இலக்கம் மட்டும்தான் அம்மா." அக்கா அந்தக் குழாயை வாங்கி, சூடு ஆறும்வரை உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த அழைப்பு ஆவணியில். அக்காவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.