மொட்டை மாடி வடிவமைப்பு: முதலில் அது ஒரு கூரை

அனைவருக்கும் வணக்கம். வீட்டு மொட்டை மாடியை எப்படித் திட்டமிட்டு வடிவமைப்பது என்பதுதான் இன்றைய காணொளியின் பொருள். இருக்கை, செடி, நிழற்பந்தல், விளக்கு என்று நீங்கள் எதிர்பார்க்கும் எல்லாவற்றுக்கும் வருவேன். ஆனால் அவை காணொளியின் பின்பகுதியில்தான் வரும். நாம் மாலையில் உலாவும் இடமாக அது மாறுவதற்கு வெகு முன்பிருந்தே, மொட்டை மாடி கீழே உள்ள அறைகளுக்குக் கூரையாக வேலை செய்துகொண்டிருக்கிறது. மழையை வெளியேற்றுவதும், வெயிலைத் தடுப்பதும், தன் மேல் வைத்த பாரத்தைத் தூண்களுக்குக் கடத்துவதும் அதன் அன்றாட வேலை. அந்த வேலையைக் கெடுக்காத வடிவமைப்பைத்தான் நான் நல்ல வடிவமைப்பு என்று சொல்வேன். படத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், கீழ் அறையின் மேற்கூரையில் ஈரத் திட்டு விழுந்துவிட்டால் அந்த அழகால் பயனில்லை.

இப்போது திரையில் நீங்கள் பார்ப்பது ஒரு சாதாரணக் கட்டத்தாள். ஒரு கட்டத்துக்கு 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு மாடியின் எல்லையை வரைந்திருக்கிறேன். எதை வைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எதை நகர்த்த முடியாது என்பதை இந்தத் தாளில் குறிக்க வேண்டும். படிக்கட்டுக் கதவு, தண்ணீர்த் தொட்டி, மழைநீர் இறங்கும் வாய்கள், குழாய்கள், ஏசியின் வெளிப்பெட்டி, சூரிய மின்தகடுகள் இருந்தால் அவை, இவை அனைத்தும் முதலில் தாளில் ஏற வேண்டும். அதன் பிறகு, பலரும் செய்யாத ஒன்றைச் செய்யுங்கள்: கீழ்த்தளத்துக்குப் போய், உத்திரங்களும் தூண்களும் எங்கே ஓடுகின்றன என்று அளந்து வந்து, அதே தாளில் புள்ளிக்கோடுகளாக வரையுங்கள். பாரமான பொருள்கள் எங்கே போக வேண்டும் என்பதை இந்தப் புள்ளிக்கோடுகளே பெரும்பாலும் முடிவு செய்யும்.

பாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. மனிதர்கள் ஏறி நடமாடும் வீட்டு மாடிகளுக்குக் கட்டட விதிகள் வைத்திருக்கும் கணக்கு பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை இருக்கும். ஆள் ஏறாத கூரை என்று கணக்கிட்டுக் கட்டியிருந்தால் இதைவிடவும் குறைவு. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மண்ணின் எடையைப் பாருங்கள். நனைந்த தோட்டமண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1700 கிலோ இருக்கும். தளத்தின் மேல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் நிரப்பிப் பாத்தி கட்டினால், ஒரு சதுர மீட்டரில் 500 கிலோவுக்கு மேல் உட்கார்ந்துவிடும், அதாவது அனுமதித்த அளவைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். 45 சென்டிமீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள ஒரு செடித்தொட்டியே, தண்ணீர் ஊற்றிய பிறகு 100 கிலோவைத் தாண்டக்கூடும். காலியாக மேலே தூக்கி வந்தபோது லேசாக இருந்ததை நம்பி நாம் பத்துத் தொட்டிகளை வரிசையாக நட்ட நடுவில் வைத்துவிடுகிறோம்.

நடுவில் வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஒரு தளப்பட்டையின் மேல் ஒரு குறிப்பிட்ட எடையைச் சீராகப் பரப்பி வைத்தால் உண்டாகும் வளைவு விசையைவிட, அதே எடையை நடுப்புள்ளியில் குவித்து வைத்தால் உண்டாகும் வளைவு விசை இரண்டு மடங்கு. ஆகவே பெரிய தொட்டிகள், கல் இருக்கை போன்றவற்றுக்கு உரிய இடம் தூண்களின் தலைக்கு மேலும், உத்திரத்தின் கோட்டிலும், சுமை தாங்கும் சுவர்களை ஒட்டியும்தான். தளத்தின் நடுப்பகுதி நடமாட்டத்துக்கும், தேவைப்பட்டால் மடக்கி எடுத்துவிடக்கூடிய நாற்காலிகளுக்கும் விடப்பட வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டிகளை அடுக்குவது இதில் சேராது. காற்றில் ஒன்று தவறினால் தெருவில் நடப்பவர் தலையில் விழும் என்பதால் அதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

தொட்டிக் கலவையில் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் சேர்த்தால் எடை கணிசமாகக் குறையும். கீரைக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் போதும். தக்காளி, கத்தரி போன்றவற்றுக்கு 30 சென்டிமீட்டர் தேவைப்படும். மரமாகும் செடிகளையும், வேரால் விரிசலைத் தேடிப் போகும் ஆல், அரசு வகைகளையும் மாடியில் வளர விடாதீர்கள். பறவை எச்சத்தில் தானாக முளைத்தாலும் சிறு நாற்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். நீச்சல் தொட்டி, மண் பரப்பிய புல்தரை, கனமான கல் மேடை ஆகியவற்றுள் எதையேனும் நீங்கள் எண்ணியிருந்தால், இந்தக் காணொளியை நிறுத்திவிட்டு, கட்டட அமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் வீட்டின் வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள். நான் சொல்லும் பொதுக்கணக்கு அதற்குப் போதாது.

அடுத்தது தண்ணீர். மாடித்தளம் ஒருபோதும் மட்டமாக இருக்கக் கூடாது. வடிகாலை நோக்கி மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை வாட்டம், அதாவது சரிவு, இருக்க வேண்டும். இருக்கும் வாட்டத்தைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தண்ணீர் நிரப்பி உயரத்தை ஒப்பிடும் ஒரு மட்டக்குழாயும் அளவுகோலும் போதும்; அல்லது மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து மேலே போய், தண்ணீர் தேங்கியிருக்கும் இடங்களைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, காய்ந்த பிறகு அந்தக் கோடுகளை உங்கள் கட்டத்தாளில் ஏற்றிக்கொள்ளலாம். வாட்டம் தவறாக இருந்தால் மேலே இன்னொரு அடுக்குச் சிமெண்ட் கலவை போட்டுச் சரிசெய்வது வழக்கம். ஆனால் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள கலவை சதுர மீட்டருக்கு 100 கிலோ வரை கூடுதல் பாரம் என்பதால், பழைய அடுக்கைப் பெயர்க்காமல் புதியதை ஏற்றுவது நாம் முன்பு போட்ட கணக்கையே மாற்றிவிடும். பழுது பார்க்கும்போதெல்லாம் ஓர் அடுக்கு என்று ஏறிக்கொண்டே போன மாடிகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

மழைநீர் இறங்கும் வாய் ஒன்றே ஒன்றுதான் என்றால், இன்னொன்று அமையுங்கள். 40 சதுர மீட்டர் மாடியில் வடிகால் அடைத்துக்கொண்டு 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது 4 டன் எடை. இரண்டாவது வாய்க்கு வழியில்லாத இடத்தில், கைப்பிடிச் சுவரில், கதவின் நிலைப்படியைவிடத் தாழ்வான உயரத்தில், வழிந்தோடுவதற்கான ஒரு துவாரமாவது இருக்க வேண்டும். அப்படி இருந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு முன் வெளியே கொட்டும். கொட்டுவதைப் பார்த்து அடைப்பு இருப்பதையும் நாம் தெரிந்துகொள்வோம். செடி வைக்கும் மாடியில் இலையும் நார்க்கழிவும் கட்டாயம் வடிகாலுக்கு வந்து சேரும் என்பதால், கழற்றிக் கழுவக்கூடிய சல்லடை மூடி இல்லாமல் ஒரு தொட்டியைக்கூட மேலே ஏற்ற வேண்டாம்.

நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு, அதாவது வாட்டர்புரூஃபிங், தரையோடு நின்றுவிடக் கூடாது. கசிவுகள் பெரும்பாலும் தளத்தின் நடுவில் தொடங்குவதில்லை. தரையும் சுவரும் சேரும் மூலையில், குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில், வடிகால் வாயின் விளிம்பில்தான் தொடங்கும். ஆகவே மூலைகளைச் சாந்தால் உருட்டிப் பூசி, பூச்சைச் சுவரில் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். பூச்சு காய்ந்ததும், வடிகாலை அடைத்து, மேடான இடத்திலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நிற்கும்படி தண்ணீர் கட்டி, இரண்டு நாள்கள் விட்டுக் கீழ் அறையின் மேற்கூரையைப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தரை ஓடு பதிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். ஓடு பதித்த பிறகு கசிந்தால், எங்கிருந்து கசிகிறது என்று யாராலும் எளிதில் சொல்ல முடியாது. நுழைந்த இடத்திலிருந்து வெகு தொலைவு ஓடியும் தண்ணீர் சொட்டும்.

இனி வெயிலும் காற்றும். ஒரு விடுமுறை நாளில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மேலே போய் நிழல் விழும் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். பருவம் மாறிய பிறகு மீண்டும் ஒரு முறை குறியுங்கள், ஏனெனில் நிழலின் நீளமும் திசையும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மாலையில் உட்கார விரும்புகிறவர்கள் மேற்குப் பக்கத்துக்குத் திரை போட வேண்டும். தலைக்கு மேல் மட்டும் பந்தல் போட்டுவிட்டுச் சாய்ந்த வெயில் ஏன் முகத்தில் அடிக்கிறது என்று கேட்பதில் பொருளில்லை. கொடிப்பந்தலை மேற்கில் செங்குத்தாகப் படரவிடுவது இதற்கு நல்ல வழி. தரையைப் பொறுத்தவரை, புதிய வெள்ளைப் பூச்சு வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கீழ் அறையின் வெப்பம் குறையும். ஆனால் உட்காரும் பகுதியில் கண் கூசும் என்பதால் அங்கே மட்டும் வெளிர் சாம்பல் அல்லது சந்தன நிறத்தை எடுத்துக்கொள்ளலாம். நனைந்தால் வழுக்கும் பளபளப்பான ஓடு வேண்டவே வேண்டாம். செயற்கைப் புல்லும் எனக்கு உடன்பாடில்லை. வெயிலில் கால் வைக்க முடியாதபடி சுடும், அடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், சல்லடையில் துணுக்குகளாக வந்து சேரும்.

நிழற்துணி கட்டுகிறவர்கள் காற்றின் விசையைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். 12 சதுர மீட்டர் துணி ஒன்றின் மேல், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால், ஏறத்தாழ 300 கிலோ எடைக்கு நிகரான விசை அந்த நான்கு முனைகளையும் இழுக்கும். கைப்பிடிச் சுவரில் ஓர் ஆணி அடித்துக் கட்டினால் சுவரே பெயர்ந்து வரக்கூடும். கழற்றக்கூடிய துணியாக இருக்கட்டும், புயல் எச்சரிக்கை வந்ததும் சுருட்டி வைக்கட்டும் என்பதே எளிய தீர்வு. நிலையான பந்தல்தான் வேண்டும் என்றால், அதன் கால்களைத் தளத்தைத் துளைத்து நிறுத்தாமல், தூண்களின் மேல் முன்பே கட்டிய சிறு மேடைகளில் நிறுத்தி, அந்த மேடைகளையும் சேர்த்து நீர்த்தடுப்புப் பூச்சு பூசிவிட வேண்டும். ஊஞ்சல் மாட்டுவதும் இந்தக் கணக்கில்தான் வரும்: செங்குத்திலிருந்து 60 பாகை வரை வீசி ஆடினால், கீழே வரும் நொடியில் சங்கிலி இழுக்கும் விசை ஆடுபவரின் எடையைப் போல் இரு மடங்கு.

இவ்வளவுக்கும் பிறகு தாளில் மிஞ்சியிருக்கும் வெள்ளை இடம்தான் நீங்கள் வடிவமைக்கப் போகும் இடம். கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டி, குழாய், துணி உலர்த்தும் கொடி ஆகியவற்றுக்குப் போகும் வழியை 90 சென்டிமீட்டர் அகலத்தில் முதலில் ஒதுக்குங்கள். மேசை போட்டால், நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க மேசை விளிம்பிலிருந்து 75 முதல் 90 சென்டிமீட்டர் வேண்டும். செடிகளுக்கு அருகிலேயே ஒரு குழாய்முனை இருக்கட்டும். வாளி சுமக்க வேண்டிய தோட்டம் கோடையைத் தாண்டுவதில்லை. கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கம்பிகளாக இருந்தால் இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில், சுவரை ஒட்டி இருக்கை கட்டினால் அது ஏணியாகிவிடும். இருக்கையின் மேற்பரப்பிலிருந்து மீண்டும் ஒரு மீட்டர் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முழங்கால் உயரத்தில் சுவரை ஒட்டி, 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையிலான மஞ்சள் ஒளி போதும். உயரத்தில் வைத்த வெள்ளை விளக்கு பூச்சிகளை அதிகம் ஈர்க்கும், பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள்ளும் அடிக்கும். மழை நேரடியாகப் படும் இடத்தில் ஐபி65 தரமுள்ள, அதாவது தூசியும் நீர்த்தாரையும் உள்ளே புகாத பொருள்களையே வாங்கி, அந்த மின்இணைப்பை, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் வழியாகக் கொடுக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். ஒயர் போகும் குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் பூச்சுக்கு முன்பே பதிக்கப்பட வேண்டும்.

ஆகவே வேலை நடக்க வேண்டிய வரிசை இது: விரிசலும் வாட்டமும், குழாய்களும் மேடைகளும், நீர்த்தடுப்புப் பூச்சு, தண்ணீர் கட்டும் சோதனை, தரை ஓடு, பந்தல், விளக்கு, கடைசியாகச் செடியும் இருக்கையும். குழாய்களைப் பதித்ததும், அவை மூடப்படுவதற்கு முன், அளவுநாடாவை விரித்து வைத்து, ஒவ்வொரு குழாயும் சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் போகிறது என்று தெரியும்படி தளம் முழுவதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு திருகாணிக்குத் துளை போட வேண்டியிருந்தால், கொத்தனார் முதலில் கேட்கப் போவது அந்தப் படங்களைத்தான். உங்கள் மாடியின் கட்டத்தாளில் உத்திரங்களையும் வடிகால்களையும் குறித்த பிறகு எழும் கேள்விகளைக் கீழே எழுதுங்கள். அடுத்த காணொளியில் அவற்றை எடுத்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.